கொடித்தம்பமும் முள்ளந்தண்டும்

ஆலயத்தை உடம்பாகவும் உடம்பை ஆலயமாகவும் காண்பது சைவ மரபு. ஆலயத்திலே நிமிர்ந்து நிற்கும் கொடித்தம்பத்தை முள்ளந்தண்டுக்கு ஒப்பிட்டுப் பெரியோர் கூறுவர். சுழுமுனை நாடியும் ஆறு ஆதாரங்களும் யோகிகள் அகத்தே உணர்ந்தவை. அதே முள்ளந்தண்டினுள்ளே வைத்தியர்கள் கண்ணாற் கண்டது முண்ணாண்.

முள்ளந்தண்டிலே கழுத்தில் 7, நெஞ்சுக்குப் பின்புறம் 12, இடுப்பில் 5 என என்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. அதன்கீழ் உள்ளவை ஒன்றோடொன்று ஒட்டியவை. இவ்வென்புகளின் துவாரங்கள் சேர்ந்து உண்டாகும் குழாயினுள்ளே, மூன்று மென்சவ்வுகள் போர்த்த, நீர் சூழ்ந்த முண்ணாண் இருக்கிறது. சிறுவிரல் அளவு பருமன். வளர்ந்தவரில் ஏறக்குறைய 45 சென்ரிமீற்றர் நீளம். மூளையின் அடியிலே தொடங்கி, இடுப்பின் முதலாம் அல்லது இரண்டாம் என்போடு முடிகிறது. அதன்கீழே நரம்புகள் மாத்திரம் குதிரைவால் போலத் தொங்கும்.

முண்ணாணிலிருந்து 31 சோடி நரம்புகள் புறப்படுகின்றன. அவற்றின் பின்வேர் உணர்ச்சியை உள்ளே கொண்டுவரும். முன்வேர் கட்டளையை வெளியே கொண்டுசெல்லும். கற்பூரச் சுடர் விரலிற் பட்டால், சுடுகிறதென்று மூளை அறியுமுன்னரே கை பின்வாங்குகிறது. அக்கட்டளையை இடுவது முண்ணாணே.

முறிந்த என்பு பொருந்தும். வெட்டுண்ட தோல் மூடும். அறுந்த முண்ணாணைப் பழையபடி இணைக்க இன்றைய வைத்தியத்தாலும் இயலாது. கழுத்திலே அறுந்தால் கையும் காலும் செயலிழக்கும். அதற்குக் கீழே அறுந்தால் கால்கள் செயலிழக்கும். சலம் போவதும் தெரியாது.

பனையிலிருந்து ஒருவர் விழுந்தால் ஓடிச்சென்று கைகால் பிடித்துத் தூக்குவதும், இருத்தித் தண்ணீர் பருக்குவதும் ஊர்களிலே காணும் வழக்கம். அன்பினாற் செய்வதுதான். எனினும் என்பு மாத்திரம் முறிந்து முண்ணாண் தப்பியிருந்தவர், அந்தத் தூக்கலினாலேயே நடக்க முடியாதவராகிவிடக் கூடும். விழுந்தவரை விழுந்தபடியே கிடத்தி, தலையும் கழுத்தும் அசையாது பிடித்து, 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸ் வரும்வரை காத்திருப்பதே உயிருக்குச் செய்யும் உபகாரம்.

2009இல் முடிவுற்ற போரிலே முண்ணாண் பாதிக்கப்பட்டு, இன்றும் சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் வாழ்வோர் பலர். உணர்வற்ற உடம்பிலே படுக்கைப்புண் விரைவில் வரும். ஆதலால் படுத்த படுக்கையாய் இருப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை புரட்டிவிட வேண்டும். இரவு முழுவதும் கண்விழித்து அதனைச் செய்யும் தாயும் மனைவியும் இயற்றுவது சிவதொண்டே. அவர்களுக்கு ஒருநாள் ஓய்வு கொடுத்து அயலவர் அப்பணியை ஏற்றால், அதுவும் தொண்டே.

சக்கர நாற்காலியில் வரும் அடியவர் வாசற்படியோடு நின்று கும்பிட்டுத் திரும்பும் நிலை எந்த ஆலயத்திலும் இருத்தலாகாது. கோபுரம் கட்டுவது போலவே, படியின் அருகே சாய்தளம் ஒன்று கட்டுவதும் திருப்பணியாகும்.

கொடித்தம்பத்தின் முன்னே வீழ்ந்து வணங்கி எழுபவர், அவ்வாறு எழ முடிவதே இறைவன் தந்த பேறென்று உணர்வாராக. எழ முடியாதவர்க்குக் கை கொடுப்பாராக.