முதற்கனியும் முதுமையும்

மூப்பு வந்தால் சுவையைத் துறக்கத்தான் வேண்டுமா? “வயதாகிவிட்டது, இனி நாவுக்கு எதற்கு ருசி?” என்று நம் இல்லங்களில் முதியோர் சொல்லக் கேட்கிறோம். சில இல்லங்களிலோ அவர்கள் சொல்லுமுன்பே பிள்ளைகள் சொல்லிவிடுகின்றனர். பழம் வாங்கி வந்தால் தட்டு குழந்தைகளிடம் செல்கிறது, விருந்தாளியிடம் செல்கிறது. தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டு மூலையில் அமர்ந்திருக்கும் பெரியவரை மட்டும் தாண்டிச் செல்கிறது. இது துறவா, அல்லது துறவின் பெயரால் நிகழும் புறக்கணிப்பா? நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா இது.

இதனை ஆராய ஒரு சிறு கனியைத் துணைக்கு அழைப்போம். அது நீலகிரியில் உதகை, குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் விளையும் ஸ்ட்ராபெரி. கோவை ஆட்சியராயிருந்த ஜான் சல்லிவன் 1819-இல் இம்மலைக்கு வந்தார். அவர் காலந்தொட்டு ஐரோப்பியக் காய்கனிகள் இங்கே பயிராகத் தொடங்கின. 1874-இல் அமைந்த குன்னூர் சிம்ஸ் பூங்காவில் கோடைதோறும் பழக் கண்காட்சி நடைபெறுவது இம்மலையின் கனிவளத்துக்குச் சான்று.

இன்று நாம் உண்ணும் பெரிய ஸ்ட்ராபெரியின் பிறப்பே வியப்பானது. 1714-இல் பிரேசியர் என்ற பிரெஞ்சுக்காரர் சிலி நாட்டிலிருந்து கொண்டு சென்ற செடியும், வட அமெரிக்கச் செடியும் ஐரோப்பியத் தோட்டங்களில் அருகருகே வளர்ந்து, கலந்து, பதினெட்டாம் நூற்றாண்டில் ஈன்ற கனி அது. ஆயினும் நம் மலையும் இக்கனிக்கு அந்நியமன்று. இமயச் சாரலிலும் நீலகிரியிலும் வளரும் வெளிறிய காட்டு ஸ்ட்ராபெரி ஒன்று உண்டு. தாவர நூலார் அதன் பெயரிலேயே இம்மலையைப் பொறித்து ‘ஃபிராகேரியா நீல்கெரென்சிஸ்’ என்றழைத்தனர்.

இக்கனிக்கு ஓர் இயல்பு. மாங்காயை வைக்கோலில் மூடிப் பழுக்க வைக்கலாம். வாழைத்தாரைப் புகைபோட்டுப் பழுக்க வைக்கலாம். ஸ்ட்ராபெரியோ செடியில் பழுத்தால்தான் உண்டு; பறித்தபின் மேலும் இனிக்காது. இரண்டொரு நாளில் குழைந்தும் போகும். “நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்” என்பாரை அது காத்திருப்பதில்லை. முதுமையும் அத்தகையதே அன்றோ? பெற்றோருக்கு நாளை செய்வோம் என்று தள்ளிப் போட்ட பிள்ளைகளுக்கு அந்த நாளை கிட்டாமற் போனதுண்டு.

உடலின் தேய்வை நாம் மறைக்க வேண்டியதில்லை. நீண்ட ஆயுள் அளிக்கப்பட்டவரின் படைப்பு தலைகீழாக மாற்றப்படுவதை ‘யாஸீன்’ அத்தியாயம் நினைவூட்டுகிறது. பல் தளர்கிறது; மோப்பம் மங்குகிறது. இக்கனியின் சுவையில் பெரும்பங்கு மணமே ஆதலால், இளமையில் நாவு உணர்ந்ததை எழுபதில் அது முழுதாக உணர்வதில்லை. அப்படியாயின் முதியவருக்கு இக்கனியால் என்ன இன்பம் என்று கேட்கலாம்.

விடையை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் பெறலாம். ஹிஜ்ரி 505-இல், அதாவது 1111-இல் மறைந்த அப்பேரறிஞர், ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் நன்றியுணர்வைப் பற்றிக் கூறும் இடத்தில் ஓர் உவமை தருகிறார். அரசன் ஒருவன் குதிரையொன்றைப் பரிசளிக்கிறான். குதிரை கிடைத்ததே என்று மகிழ்பவன் ஒருவன். அரசனின் அன்பு கிடைத்ததே என்று மகிழ்பவன் இன்னொருவன். இக்குதிரையேறி அரசனுக்குப் பணி செய்து அவனை அணுகலாமே என்று மகிழ்பவன் மூன்றாமவன். பொருள் ஒன்றுதான், மகிழ்ச்சியோ மூன்று படி.

குழந்தைக்குக் கனியே இன்பம், அது இயல்பு. வயது முதிர முதிர, நாவின் இன்பம் குறையும் அளவுக்கு மற்ற இரண்டு படிகளும் திறக்கின்றன. குறைந்த சுவையிலும் கொடுத்தவனைக் காண்கிறார் முதியவர். கனியை மறுத்தவர் அப்படிகளில் ஏற முடியுமா? குதிரையை வேண்டாமென்றவன் அதிலேறிப் பணி செய்வது எங்ஙனம்?

“முதியவர் ஆசையை அடக்க வேண்டாமா?” என்று கேட்பாருண்டு. அடக்க வேண்டியதுதான். ஆனால் எந்த ஆசையை? மனிதன் முதுமையடைந்தாலும் இரண்டு ஆசைகள் அவனுள் இளமையாகவே இருக்கும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். ஒன்று செல்வத்தின் மீதுள்ள ஆசை. மற்றது நீண்ட ஆயுளின் மீதுள்ள ஆசை. அவ்விரண்டில் பருவக்கனியின் சுவை இல்லை! சொத்துப் பத்திரத்தை இறுகப் பிடித்துக்கொண்டு, ஒரு பழத்தை மட்டும் வேண்டாமென்று தள்ளுவது பேணுதலாகாது. அல்லாஹ் தன் அடியார்களுக்கென வெளிப்படுத்திய நல்லுணவை விலக்கியவர் யார் என்று ‘அஃராஃப்’ அத்தியாயம் கேட்கும் கேள்வி முதியவருக்கும் உரியதே.

சர்க்கரை நோயைச் சொல்லித் தட்டை மறைப்பாரும் உளர். நூறு கிராம் ஸ்ட்ராபெரியில் உள்ள சர்க்கரை ஏறத்தாழ 5 கிராமே. தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் நீர். சர்க்கரை கொட்டிக் காய்ச்சும் ஜாமின் கதை வேறு. மருத்துவரிடம் கேட்டறிந்து அளவோடு கொடுப்பதே அன்பு. கேளாமலே மறுப்பது சோம்பல்.

இனி, நம் வினாவின் உயிர்நிலைக்கு வருவோம். மதீனத்து மக்கள் பருவத்தின் முதற்கனியைக் கண்டால் அதனை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கொண்டு வருவார்கள். அண்ணலார் அதனைக் கையில் பெற்று, கனியிலும் நகரிலும் அளவைகளிலும் பரக்கத் வேண்டி துஆ செய்வார்கள். பின்னர் அங்குள்ள குழந்தைகளில் மிகச் சிறியதை அழைத்து அதனிடம் கொடுத்துவிடுவார்கள். முஸ்லிம் கிரந்தத்தில் பதிவாகியுள்ள செய்தி இது.

கனி சென்ற வழியைக் கவனியுங்கள். முதலில் அது பெரியவரின் கரத்துக்கு வந்தது. அவருடைய துஆவைப் பெற்றது. அதன் பின்னரே குழந்தையை அடைந்தது. நம் இல்லத்திலும் கனி குழந்தைக்குத்தான் போகிறது. ஆனால் பெரியவரைத் தாண்டிப் போவது வேறு. பெரியவர் கையிலிருந்து போவது வேறு! முன்னதில் அவர் கழிக்கப்பட்டவர்; பின்னதில் அவர் கொடுப்பவர். குழந்தையும் வெறும் பழத்தை அன்று, பரக்கத்தை வாங்கி உண்கிறது.

ஸ்ட்ராபெரிச் செடியும் இதையே காட்டுகிறது. தாய்ச்செடி ஓடுதண்டொன்றை மண்மீது நீட்டுகிறது. அதன் நுனியில் தோன்றும் சேய்ச்செடி வேரூன்றும் வரை தாயே ஊட்டுகிறது. வேரூன்றியபின் தண்டு காய்ந்துபோகிறது. ஆனால் காய்க்கும் பருவத்தில் உழவர் ஓடுதண்டுகளைக் கிள்ளிவிடுவர். இல்லையேல் தாயின் வலுவெல்லாம் அவற்றில் சென்று கனி குறையும். கொடுப்பதற்கும் காலமுண்டு; தாய் தன்னைப் பேணிக்கொள்வதற்கும் காலமுண்டு. தமக்கென ஒரு கனியும் வேண்டாமென்று எல்லாவற்றையும் பிள்ளைகளுக்கே ஈந்துவிடும் அன்னையர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

ஆகவே மலைக்கனி வீடு வந்ததும் அடுக்களையில் நடக்க வேண்டியது எளிது. உண்ணும் நேரத்தில் மட்டும் கழுவுங்கள். கழுவியபின் காம்பைக் கிள்ளுங்கள். காம்பு கிள்ளும் வேலையை நன்னியிடமே கொடுங்கள். நடுங்கும் விரலுக்கும் அது இயலும். முதற்கனியை அவர் ஓதி, சின்னஞ்சிறியதன் வாயில் ஊட்டட்டும். அடுத்த கனியை நீங்கள் அவருக்கு ஊட்டுங்கள். அண்டை வீட்டாருக்கும் ஒரு கைப்பிடி அனுப்புங்கள். விளைந்ததை உண்பதையும், அறுவடை நாளில் உரியவர்க்கு அளிப்பதையும், வீண்விரயம் தவிர்ப்பதையும் ‘அன்ஆம்’ அத்தியாயம் ஒரே வசனத்தில் கோத்துள்ளதல்லவா?

அருட்கொடைகளைப் பற்றி நாம் அனைவரும் மறுமையில் வினவப்படுவோம். உண்டதைப் பற்றி மட்டுமா வினவப்படுவோம்? யாருக்குக் கொடாமல் உண்டோம் என்றும் கேட்கப்படலாம். அந்நாளில் நம் பெற்றோரின் வெறுந்தட்டு நமக்கு எதிராகச் சாட்சி சொல்லாதிருக்க அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.