உழைச்செல்வார் அறம்

மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் ஒருவராக, நோயாளியின் அருகிருந்து பேணுபவரையும் வள்ளுவர் வைத்தார். நோயுற்றுக் கிடந்த துறவியைப் புத்தர் தம் கையால் நீராட்டினார் என்பது பௌத்த மரபு. புளோரன்ஸ் நைட்டிங்கேல் தாதிப்பணியை இறைவனின் அழைப்பாகவே கொண்டார்.

இலங்கைத் தோட்டத் தொழிலாளரின் மருத்துவத்துக்கென 1872ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் பிறந்தது. ஆயினும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் லயங்களில், நோயாளியருகே இரவெல்லாம் விழித்திருந்தவள் பெரும்பாலும் கொழுந்தெடுத்தோ பால்வெட்டியோ களைத்த அயல் காம்பராப் பெண்ணே. அவள் செயலில் ஆன்மிகம் உண்டு, ஐயமில்லை. ஆனால் அத்தொண்டைப் புகழ்ந்துகொண்டே தாதியரை நியமியாதிருத்தல் அறமாகுமா?

பேணுதல், செய்பவருக்குத் தொண்டு, நோயாளிக்கோ உரிமை. நான்கில் ஒன்று குறையின் மருத்துவமே குறைவுடையது. அக்குறையை ஏழையின் இரக்கத்தால் நிரப்புவது ஆன்மிகமன்று. கடமை தவறுதலே ஆகும்.