ஆறும் புண்ணும் அழியாச் சாட்சியும்

துன்புற்றவரின் வேதனையைத் தணிப்பது நன்று என்பதில் எவருக்கும் ஐயமில்லை. ஆயின் அவ்வேதனை அநீதியின் விளைவாயிருந்து, அவ்வநீதிக்கு நியாயமும் கிடையாதவிடத்து, அதைத் தணிக்கும் வைத்தியம் யாருக்குத் துணைபோகிறது? இவ்வினாவை எழுப்புவோர் நம்மிடையேயும் உளர். கண்ணசைவு வைத்தியத்தை முன்வைத்து இதனை ஆராயலாம்.

1987 இல் கலிபோர்னியாவில் பூங்காவொன்றில் உலாவிய பிரான்சின் ஷபீரோ என்னும் உளவியல் மாணவி, தம் விழிகள் இருபுறமும் விரைந்து அசைந்தபோது, மனத்தை உறுத்திய எண்ணங்கள் வலுவிழந்தமையை உணர்ந்தார். 1989 இல் 22 பேரை வைத்து நடத்திய ஆய்வை வெளியிட்டார். அவர்களுள் வியட்னாமிற் போரிட்டோரும் பாலியல் வன்முறைக்கு ஆளானோரும் இருந்தனர். துயருற்றவர், தம்மை விட்டகலாத காட்சியை மனத்தில் இருத்திக்கொண்டு, வைத்தியரின் விரலைக் கண்களால் இடமும் வலமும் பின்தொடர்கிறார். நிகழ்ந்ததை விரித்துரைக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை. விரலைப் பார்த்தால் துயர் தீருமா என்று நகைத்தவர்களுள் நானும் ஒருவன். எனினும் 2013 இல் உலக சுகாதார நிறுவனம் இதனைப் பரிந்துரைத்தது. காட்சியையும் விரலையும் ஒருங்கே தாங்க மனத்தில் இடம் போதாமையால் காட்சி மங்குகிறது என்பது ஒரு விளக்கம். கண்ணசைவு இன்றியமையாததா என்ற வாதமோ இன்னும் தீரவில்லை.

மங்கிய நினைவு சாட்சி சொல்லுமா? இக்கேள்வி வெறுங் குதர்க்கமன்று. கண்ணசைவின் பின் பிறர் கூறும் பொய்த்தகவலை நினைவென ஏற்கும் இயல்பு கூடுவதாக 2018 இல் நெதர்லாந்து ஆய்வொன்று கூறியது. அடுத்த ஆண்டு வெளியான மற்றோர் ஆய்வில் அம்முடிவு உறுதிப்படவில்லை. மெய்யாக, இவ்வைத்தியத்தால் நினைவு அழிவதில்லை. அதன் கொடுக்கே மழுங்குகிறது. சாட்சிக்கூண்டில் நடுங்கி நாவெழாது நிற்பவரிலும், நடந்ததை நடந்தவாறே சொல்ல வல்லவர் அன்றோ கொடியவனுக்கு அச்சமூட்டுபவர்? பாதிக்கப்பட்டவளின் உறக்கமற்ற இரவுகளைத் தம் கொள்கைக்கு ஆயுதமாக வேண்டுவோர், தாம் மட்டும் நன்றாகவே உறங்குகின்றனர்.

வியட்னாம் போரை எதிர்த்த முன்னாள் வீரர்கள் இவ்விரண்டையும் பிரிக்கவில்லை. 1970 இல் நியூயோர்க்கில், உளமருத்துவர்களான ரொபேட் லிப்டன், கெய்ம் ஷட்டன் ஆகியோருடன் கூடியமர்ந்து தம் துயரைப் பேசினர். 1971 இல் அவ்வியக்கத்தவரே டெட்ரொயிற் நகரில், கண்டவற்றை மட்டுமன்றித் தாமே செய்த கொடுமைகளையும் பகிரங்கமாகச் சாட்சியுரைத்தனர். 1980 இல் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் இந்நோயைத் தன் ஏட்டில் சேர்த்தமைக்கு அவர்களுடைய முயற்சியும் ஒரு காரணம்.

ஆயின் வைத்தியத்திற்கும் எல்லையுண்டு. நடந்து முடிந்ததொன்றின் நினைவையே அது முதன்மையாகப் பற்றுகிறது. நம் நாட்டில், 2017 பெப்ரவரியில் கிளிநொச்சி வீதியோரத்தில் அமர்ந்த, காணாமலாக்கப்பட்டோரின் தாய்மாருக்கு எதுவும் முடிந்துவிடவில்லை. மகன் உளனா இலனா என்பதே தெரியாதவிடத்து, எந்தக் காட்சியை மனத்தில் இருத்தி விரலைப் பின்தொடரச் சொல்வது? அவர்கள் கேட்டது, சரணடைந்தோரின் பெயர்ப்பட்டியலை. அது வைத்தியரிடம் இல்லை.