அழ ஓர் இடம்

விழுப்புரம் பக்கத்தில் ஒரு தகரக்கூரை வீடு. எதிரே அறுபதைத் தாண்டிய திருநங்கை அம்மா. என் கையில் உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் மனம் மகிழ்ச்சியாக இருந்ததா, அமைதியாக இருந்ததா, விழிக்கும்போது தெம்பு இருந்ததா... ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டி நான்கால் பெருக்கினால் நூற்றுக்கு இவ்வளவு என்று நலம் வந்துவிடும். அம்மாவுக்கு 80 வந்தது. முந்தைய இரவு எனக்கே போட்டுப் பார்த்தபோது 52.

"ஊர்ல நான் காலனிக்காரி. காலனியில பொட்டை. திருநங்கைங்க ஜமாத்துல சேர்ந்தப்பவும் எந்தத் தெருன்னுதான் கேட்டாங்க" என்றார். ஒருவர்மேல் பல ஒடுக்குமுறைகள் ஒன்றாக மோதுவதற்கு அமெரிக்கச் சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் நாற்சந்தியை உவமை காட்டி எழுதியது நினைவுக்கு வந்தது. சந்தியின் நடுவில் அடிபட்டவரிடம் எந்தச் சாலை வண்டி மோதியது என்று எப்படிக் கேட்பது? என் படிவத்திலோ சாதிக்கு ஒரு கட்டம், பாலினத்துக்கு ஒரு கட்டம்.

அந்த 80ஐ நம்புவதா? நெடுநாள் இல்லாமையில் வாழ்பவர் ஆசையையே சுருக்கிக்கொள்வார், அவர் சொல்லும் திருப்தியை வைத்து அவர் வாழ்வை அளக்கக் கூடாது என்கிறார் பொருளியலாளர் அமர்த்திய சென். அந்த 80 நம்பத் தகாதது என்றே குறித்துவிடப் பார்த்தேன். கை ஓடவில்லை. சிறுவயதில் 'நான் பொண்ணு' என்று இவர் சொன்னதை வீடு நம்பவில்லை, ஊர் நம்பவில்லை. தன் பாலினத்தைத் தானே சொன்னால் போதும் என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2014 ஆயிற்று. இப்போது 'நல்லா இருக்கேன்' என்பதையும் நான் நம்ப மறுப்பதா?

"எப்படிம்மா?" என்று மட்டும் கேட்டேன்.

"சித்திரை பௌர்ணமிக்குக் கூவாகம் போய்க் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டிக்கிறேன். மறுநா அவரு பலியானதும் அழுகளத்துல அறுத்துட்டு வாய்விட்டு அழறேன். எங்கம்மா செத்தப்ப வாசல்லகூட நிக்க விடல கண்ணு. அந்த அழுகையும் அங்கதான் அழறேன். அழ ஒரு எடம் இருந்தா மனுசி நல்லா இருப்பா."

துன்பம் குறைந்தால் நலம் கூடும் என்று நம்பித்தான் படிவத்தைத் தூக்கி வந்திருந்தேன். இவரோ துன்பத்தைக் கொண்டுபோய் வைக்கச் சாமியிடம் ஓர் இடம் தேடிக்கொண்டவர். இந்த நலம் அவர் சம்பாதித்தது. ஊர் அதைத் தன் வரவில் எழுதிக்கொள்ள முடியாது. 'நல்லாத்தானே இருக்கிறார்' என்று சொல்லி நழுவவும் முடியாது.

80 என்று எழுதினேன். அதன் கீழே, அம்மா செத்த வீட்டு வாசலில் நிற்க விடாததையும் எழுதினேன். கூட்டவுமில்லை, கழிக்கவுமில்லை.