அடுத்த வாரம் பார்ப்போம், அண்ணாச்சி!

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் ஒரு கணக்கு இருந்தது. மூச்சடக்கி, கல்லோடு கடலுக்குள் இறங்கி அள்ளிய சிப்பிகள் படகில் கரைக்கு வரும். மூன்று பங்கு வைப்பார்கள். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. அரசாங்கத்தின் பங்கு, ஆயிரம் சிப்பி இன்ன விலை என்று ஏலத்துக்குப் போகும். குளித்தவர் தன் பங்கைக் கரையிலேயே விற்றுக் காசாக்கிக்கொள்ளலாம்.

உயிரைப் பணயம் வைத்தவருக்கு ஒன்று, கரையில் நின்றவருக்கு இரண்டு. நியாயமா? என்னைக் கேட்டால், இல்லை. ஆனால், அந்த அநியாயத்துக்குள்ளும் ஒரு ஒழுங்கு இருந்தது பாருங்கள். உழைத்தவர் கைக்கு அவருடைய பங்கு அங்கேயே வந்துவிட்டது. 'பில் போட்டுக் கொடுங்க, மேலே அனுப்பறோம்' என்று யாரும் சொல்லவில்லை. 1961-ல் அங்கே கடைசி முத்துக்குளிப்பு நடந்தது.

இப்போது அதே அரசாங்கம், வேறொரு இடத்தில் பங்கு கொடுத்த கதை. பெங்களூர் ஹெச்.ஏ.எல். தெரியும்தானே? தேஜஸ் போர் விமானம் செய்கிற அரசு நிறுவனம். 2019 ஜனவரியில், சுமார் 29,000 ஊழியர்களுக்குச் சம்பளம் போட அது வங்கியில் கிட்டத்தட்ட 1,000 கோடி ரூபாய் ஓவர் டிராஃப்ட் வாங்க வேண்டியதாயிற்று. கையிருப்பு மைனஸ் என்று அதன் தலைவரே சொன்னார். நஷ்டமா? இல்லை சார். பாதுகாப்புப் படைகளிடமிருந்து வர வேண்டிய பாக்கி மட்டும் சுமார் 15,700 கோடி! அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் அரசு தன் பங்குகளையே அந்த நிறுவனத்திடம் விற்று, ரொக்கத்தையும் எடுத்துக்கொண்டிருந்தது.

அந்த 1,000 கோடிக்கு யார் கடன்காரர்? வங்கிப் புத்தகத்தில் ஹெச்.ஏ.எல். பெயர்தான் இருக்கும். வட்டியும் அதன் கணக்கில்தான். ஆனால் நிஜக் கடன்காரர் டெல்லியில், எந்தப் பத்திரத்திலும் கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தார்.

'தர மாட்டோம் என்றா சொன்னோம்? கொஞ்சம் லேட்டாகும், அவ்வளவுதானே' என்பீர்கள். நானும் பி.காம். படித்தவன்தான். சரக்கு வாங்கிவிட்டுப் பணத்தைத் தள்ளிப் போடுவதற்கு எங்கள் பாடத்தில் 'வொர்க்கிங் கேபிடல் மேனேஜ்மென்ட்' என்று கௌரவமான பெயர் உண்டு. பேச்சுவார்த்தையில் ஒப்புக்கொண்ட தவணை வேறு. கெடு தாண்டியும் தராமல் வைத்திருப்பது, கேட்காமல் எடுத்த கடன். கேட்டு வாங்குகிறவனுக்காவது கூச்சம் இருக்கும்.

ஹெச்.ஏ.எல். பெரிய கை, பாக்கி வந்தது, பிறகு கடனை அடைத்து நிமிர்ந்துவிட்டது. ஆனால் இந்தத் தாமதம் மேலிருந்து கீழே உருளும்போது கனம் கூடுகிறது. பெரிய நிறுவனத்துக்கு வங்கி கதவைத் திறக்கும். அதற்கு போல்ட், பிராக்கெட் கடைந்து கொடுக்கும் நான்கு பேர் பட்டறைக்கு? அவர் மனைவியின் வளையல்தான் ஓவர் டிராஃப்ட். மேலே இருப்பவர் வட்டியில்லாமல் வைத்திருக்கும் பணத்துக்குக் கீழே இருப்பவர் அடகுக் கடையில் வட்டி கட்டுகிறார்.

சட்டம் இல்லாமலில்லை. 2006-ன் சிறு, குறு தொழில் சட்டம் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது என்கிறது. மீறினால் கூட்டு வட்டி. 2023-ல் வருமான வரியிலும் ஒரு பிடி போட்டார்கள்: கெடு தாண்டினால், பணத்தைப் பட்டுவாடா செய்த வருஷத்தில்தான் செலவுக் கணக்கில் காட்டலாம். உடனே என்ன நடந்தது? 'அப்படியானால் சின்னக் கம்பெனிகளிடமே வாங்க மாட்டோம்' என்று சில பெரியவர்கள் பேச ஆரம்பித்தார்கள். புகார் கொடுக்கலாம்தான். அடுத்த ஆர்டர் யார் தருவார்கள்? 'அடுத்த வாரம் பார்ப்போம், அண்ணாச்சி' என்று பேமென்ட் செக்‌ஷனில் சொன்னால், சிரித்துவிட்டு வர வேண்டியதுதான்.

திருச்செந்தூர் தாண்டி, குலசேகரப்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டினார்கள். முத்துக்குளித்த அதே கடற்கரை. இனி அந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்கும் ஆர்டர் வரலாம் என்று எதிர்பார்க்கிறார்கள். வரட்டும். பட்டறைக்காரர்கள் ராக்கெட் எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று கேட்பதற்கு முன்னால், பில் எத்தனை நாளில் பாஸாகும் என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்லது.

ஆமாம், உங்கள் வீட்டுக் கதவைச் சரிசெய்த ஆசாரிக்கு மீதி ஐந்நூறு ரூபாய் கொடுத்துவிட்டீர்களா?