காட்சியும் கேள்வியும்: ஊராட்சிப் பணியில் கைப்பேசிச் செயலி

திருக்குறளின் இறைமாட்சி அதிகாரம், குடிகள் எளிதிற் காணத்தக்கவனாக இருத்தலை வேந்தனுக்குரிய பண்புகளுள் ஒன்றாகச் சுட்டுகிறது. காணப்பட வேண்டியவன் ஆள்பவன், காண்பவர் குடிகள். கைப்பேசிச் செயலி வழி நடைபெறும் ஆட்சி இவ்வுறவின் திசையை மாற்றிவிடுகிறதா என்னும் வினாவை, ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வருகைப்பதிவை முன்வைத்து இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2005இல் இயற்றப்பட்டுப் பின்னர்க் காந்தியடிகளின் பெயரைப் பெற்ற வேலை உறுதிச் சட்டம், செலவளவிற் குறைந்தது பாதிப் பணிகளை ஊராட்சிகளிடம் ஒப்படைத்தது. அப்பணிகளைச் சமூகத் தணிக்கைக்கு உட்படுத்தும் பொறுப்பை அதன் 17ஆம் பிரிவு கிராம சபைக்கு வழங்கியது. இத்தணிக்கைக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1994 டிசம்பரில் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்திலுள்ள கோட் கிரானாவில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்னும் அமைப்பு 'ஜன் சுன்வாய்' ஒன்றைக் கூட்டியது. மக்கள் கேட்பு என்பது அத்தொடரின் பொருள். இத்தகைய அவைகளில் வருகைப்பதிவேடுகள் உரக்கப் படிக்கப்பட்டன. எழுத்தறியாதாரும் தம் பெயரைக் கேட்டனர்; தாம் செய்யாத வேலைக்குத் தம் பெயரிற் கூலி எழுதப்பட்டிருந்ததை அங்கேயே மறுத்துரைத்தனர். ஏட்டின் பொய்யை வெளிப்படுத்தியது செவியே. கேள்வி என்னும் தமிழ்ச்சொல் செவியால் அறிதலையும் வினாவுதலையும் ஒருங்கே குறித்தல் இவ்விடத்து நினையத்தக்கது.

2021இல் அறிமுகமான தேசியக் கைப்பேசிக் கண்காணிப்பு முறை என்னும் செயலி 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. பணியிடத்தில் தொழிலாளரை நாளுக்கு இருமுறை நேரமும் இடமும் பொறித்துப் படமெடுத்தல் அதன் முறை. படத்தை ஏற்றுபவர் பணி மேற்பார்வையாளர். படத்தில் நிற்பவர் அச்செயலியிற் கூறுவதற்கு இடமில்லை. அளந்துவிட்ட மண்ணை விரைந்து வெட்டி முடித்த பெண்கள் இரண்டாம் படத்திற்காகக் காத்திருக்க நேர்ந்தது. இணையத் தொடர்பு கிட்டாத ஊர்களில் உழைத்தும் வருகை பதிவாகாமற் கூலி இழந்தோர் உண்டு. 2023இல் தொழிலாளர் தில்லி ஜந்தர் மந்தரில் நெடுநாள் அமர்ந்து போராடியமைக்கு இதுவும் ஒரு காரணம். செய்த வேலைக்குச் சான்று செய்தவரின் சொல்லா, இயந்திரத்தின் படமா என்பதே இங்கு எழும் அறவினா.

போலி வருகையைத் தடுக்கும் நோக்கம் குறைகூறத்தக்கதன்று; கோட் கிரானாவில் கூடியோரின் நோக்கமும் அதுவே. ஆயினும், பணிக்குத் தொடர்பற்ற படங்கள் ஏற்றப்படுவதையும், முன்னெடுத்த படத்தையே மீண்டும் படமெடுத்து ஏற்றுவதையும் ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே 2025 ஜூலைச் சுற்றறிக்கையிற் குறிப்பிட நேர்ந்தது. ஊராட்சி தொடங்கி மேல்நிலைகள் வரை அலுவலர்கள் படங்களைச் சரிபார்க்க வேண்டும் என்பது அது கண்ட தீர்வு. ஊர்க் குளத்தில் மண் வெட்டுபவரை நடந்துசென்று காணக்கூடிய ஒருவர், அவரைத் திரையில் தேடும் நிலை இது. நகைப்பிற்கு இடந்தருவதாயினும் அவ்வலுவலரைக் குற்றங்கூற இயலாது. அவரும் திரைவழியே கண்காணிக்கப்படுபவரே.

செயலி என்றாலே இத்தன்மைத்து என்பது என் கருத்தன்று. 2020 ஏப்ரல் 24 அன்று தொடங்கப்பெற்ற இ-கிராம் சுவராஜ், ஊராட்சியின் திட்டங்களையும் கணக்குகளையும் எவரும் காணுமாறு வைக்கிறது. பிழைப்பிற்காகச் சூரத்திற்குச் சென்ற ஒடியத் தொழிலாளி தன் ஊரின் செலவை அங்கிருந்தே பார்க்கலாம். இங்குக் காணப்படுவது ஆட்சி. குறள் காட்டிய திசையும் இதுவே. ஆனால் கணக்கைக் கண்டவர் ஐயுற்று வினவினால் விடையிறுக்க வேண்டியவர் அவர்முன் இல்லை.

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் பழைய சட்டத்திற்கு மாற்றாக வேறொன்றை நிறைவேற்றியது. அதிலும் மின்னியல் கண்காணிப்பிற்கு இடமுண்டு. ஆதலின் இவ்வினா பழங்கதையாகிவிடவில்லை. நாள்தோறும் பதிவாகும் வருகையைத் தொழிலாளர் தம் மொழியிற் கேட்கவும், பிழையெனின் மறுக்கவும் செயலியில் ஓரிடம் அமைத்தல் பொறியியலுக்கு அரிதன்று. அம்மறுப்பைக் கேட்டு முடிவுசெய்பவர் யார் என்பதே அரிய பகுதி. 2005ஆம் ஆண்டுச் சட்டம் சமூகத் தணிக்கைப் பொறுப்பை, தொழிலாளரும் அண்டை வீட்டாரும் ஒருங்கே அமரும் கிராம சபைக்குத் தந்திருந்தது.