நம் கடை வாசல் புகை

 

2013ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் தேதியை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். அன்று வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்கு ஆயத்தமாகும் நேரம். பகல் 12 மணிக்குச் சிங்கப்பூரின் காற்றுமாசுக் குறியீடு 401 என்று காட்டியது. 300ஐத் தாண்டினாலே ஆபத்து என்பது கணக்கு. சுமத்ராவில் காட்டையும் சதுப்பு நிலத்தையும் எரித்த புகை, கடல் கடந்து வந்து சிராங்கூன் ரோட்டையும் மூடியது. எரித்தவர்களை நாம் ஏசினோம். ஏசியது நியாயமே. 2014ஆம் ஆண்டில் அதற்கென்று இங்கே சட்டமும் வந்தது.

ஆனால், பிறர் புகையைக் கண்ட நம் கண் நம் கடை வாசல் புகையைக் கண்டதா?

நம் கதையையே சொல்லிவிடுகிறோம். சரக்கு இறக்கும்போது டீசல் லாரியின் இஞ்சினை அணைக்காமலே நிறுத்தி வைப்பது நம் கடையில் பல காலப் பழக்கம். மூட்டை இறக்கும் பையன் இருமுவான். தூசி என்று எண்ணியிருந்தோம். ஒரு நாள் அவன், "முதலாளி, இஞ்சினை அணைக்கச் சொல்லுங்கள், நெஞ்சு எரிகிறது" என்றான். வாடகைக்கும் கூலிக்கும் கணக்கு எழுதும் நாம், அவன் மூச்சுக்குக் கணக்கு எழுதவில்லையே என்று வெட்கப்பட்டோம்.

டீசல் புகை இரண்டு கேடு செய்கிறது. அதிலுள்ள கரிவாயு உலகத்தைச் சூடாக்குகிறது. அதிலுள்ள நுண்ணிய தூசி நுரையீரலில் புகுந்து, இரத்தத்திலும் கலந்து, இருதயத்தைக் கெடுக்கிறது. மாசுபட்ட காற்றினால் உலகில் ஆண்டுதோறும் சுமார் 70 லட்சம் பேர் மாண்டு போவதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது.

கரிவரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியாகத் தொடங்கியது. 2024இல் 25 வெள்ளி, 2026இல் 45 வெள்ளி என்றாயிற்று. பெரிய ஆலைகளுக்கும் மின்நிலையங்களுக்கும் போட்ட வரியானாலும், நம் கரண்டு பில்லிலும் அதன் பங்கு வருகிறது. 2025 முதல் புதிய டீசல் கார்களையும் டாக்சிகளையும் பதிவு செய்வதில்லை. "உலகம் என்றோ குளிர்வதற்கு நாம் இன்று ஏன் கொடுக்க வேண்டும்?" என்று முணுமுணுக்கிறோம். சகோதரர்களே, எரிப்பது குறைந்தால் இரண்டு கேடும் சேர்ந்தே குறையும். உலகம் தணிய நாளாகலாம். ஆனால் புகை குறைந்த தெருவில் நம் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் இன்றே மூச்சு இலேசாகும்.

பாதையில் கிடக்கும் இடரை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று நம் நாயகம் (ஸல்) அவர்கள் கற்றுத் தந்தார்கள். கல்லும் முள்ளும் மட்டுமா இடர்? வழிப்போக்கரின் நெஞ்சில் ஏறும் புகையும் இடரன்றோ!

ஆகவே, நிற்கும் வண்டியின் இஞ்சினை அணைப்போம். அணைக்காதிருப்பது இந்நாட்டுச் சட்டப்படியும் குற்றம். ஏர்கான் ஓடும்போது கடைக் கதவைச் சாத்துவோம். அடுத்த வண்டி வாங்கும்போது மின்சார வண்டியின் விலையையும் விசாரிப்போம். மறுமையில் மூட்டை சுமந்தவனின் மூச்சைப் பற்றியும் கேட்கப்படுவோம் என்பதை மறவாதிருப்போம்.

வல்ல அல்லாஹ் நம் வியாபாரத்தில் பரக்கத்தும், அண்டை அயலாருக்கு ஆரோக்கியமும் அருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.